குஸ்திக்காரர் பார்த்த இடம்

எதையும் நாள் குறித்து எழுதிவைப்பது என் பழக்கம். முதல் மழை பெய்த நாள், பஸ் ரூட் மாறிய நாள், நூலகத்துக்கு இரண்டாவது மின்விசிறி வந்த நாள் எல்லாம் என் டைரிகளில் உண்டு. 1991ஆம் ஆண்டு டைரியில், புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமைக்கான பக்கத்தில் இடம் போதவில்லை. மறுநாள் பக்கத்திலும் எழுதி, அதுவும் போதாமல் தனியாக ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் இது.

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் கிளை நூலகத்தில் வேலையில் இருந்தேன். வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் குஸ்திக்காரர் ஒருவர் குடியிருந்தார். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பயில்வான் என்பார்கள். நாற்பத்தாறு வயது. கழுத்தும் தலையும் ஒரே அகலம். காது இரண்டும் உருளையில் மாட்டிய பூரி மாவுபோல மடங்கிக் கிடக்கும். அவர் வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் குறைவதை வைத்தே, நிமிராமல், "வாங்கண்ணா" என்பேன்.

நூலகத்துக்கு அவர் வந்தது சினிமாப் பத்திரிகைகளுக்காக. எழுத்துக்கூட்டிப் படிப்பார். சினிமாவில் அடியாளாக நடிப்பவர், அதனால் தன் முகம் எங்காவது வந்திருக்கிறதா என்று தேடுவார் என்று முதலில் நினைத்தேன். இல்லை. சண்டைக் காட்சிப் படங்களைத்தான் பார்ப்பார். "இவன் கால ஊனி வுயுந்துக்கிறான் பாரு சார், நாளைக்கு மூட்டு போயிடும்" என்பார். யார் ஜெயிக்கிறார் என்று அவர் பார்த்ததே கிடையாது.

அவருடைய தொழில் வாழ்க்கையை நான் ஒரு தனி நோட்டில் எழுதிவைத்திருந்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு கோதாவில் மண்ணைக் கொத்திப் பதப்படுத்தும் வேலைக்குச் சேர்ந்து, அந்த மண்ணிலேயே குஸ்தி கற்றவர். பிறகு டிக்கெட் போட்டு நடத்தும் குஸ்தி கம்பெனி ஒன்றில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். நோட்டீஸில் அவருக்கு ஊருக்கு ஒரு தேசம். வேலூரில் அவர் பஞ்சாப்காரர். சேலத்தில் ஈரான்காரர். ஈரான்காரராக இருந்த பதினோரு நாளும் கூடாரத்துக்கு வெளியே தமிழ் பேசக் கூடாது என்று உத்தரவு. டீக்கடையில் விரலைக் காட்டித்தான் டீ வாங்கினாராம். "டீக்காரன் பக்கத்துல இருந்தவன்கிட்ட சொல்றான் சார், 'பாவம், ஈரான்ல டீக்குப் பேரே இல்ல போல'ன்னு. நான் சிரிக்கவும் முடியல."

அந்தக் குஸ்தியில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசிவைத்தது. அதை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. "ஜெயிக்கிறவன் சும்மா நிக்கிறான் சார். வுயறவன்தான் வேல செய்றான். ஜனங்க பாக்குறது யார? வுயறவன." நூறு கிலோ உடம்பு தலைக்கு மேலிருந்து பலகையில் விழும். கடைசி வரிசைக்குச் சத்தம் கேட்கவேண்டும், ஆனால் மறுநாள் சாயங்காலம் அதே உடம்பு அடுத்த ஊரில் எழுந்து நிற்கவேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய எத்தனை வருடப் பயிற்சி வேண்டும் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

அப்படி விழுந்துகொண்டிருந்தபோதுதான் சினிமாவின் ஸ்டண்ட் மாஸ்டர் ஒருவர் பார்த்துக் கோடம்பாக்கத்துக்கு அழைத்துப்போனார். 1991க்குள் பதினேழு படங்கள். ஒவ்வொன்றையும் எந்தக் கொட்டகையில் என்றைக்குப் பார்த்தேன் என்று குறித்திருக்கிறேன். பதினேழிலும் அடியாள். பதினேழிலும் விழுந்தார். வைக்கோற்போரில், கிணற்றில், கண்ணாடிக் கதவில், மாட்டு வண்டியிலிருந்து. ஒரு படத்தில்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏய்" என்று ஒரு படத்தில் கத்துவார். அதுவும் வேறு ஒருவர் குரல்.

அந்த வருடம் ஆடி மாதம், ஓடும் லாரியிலிருந்து விழும் காட்சியில் இடது முழங்கால் போயிற்று. நாற்பது நாள் கட்டு. கட்டைப் பிரித்த டாக்டர், நடக்கலாம், மாடிப்படிகூட ஏறலாம், ஆனால் இனி விழக் கூடாது என்றார். அவருடைய மனைவி என்னிடம் சொன்ன விதம் வேறு: "வுயாத அடியாளு யாருக்கு சார் வோணும்? கீரைப் பாத்தியில ஒக்காந்துகினு காலப் பாத்துகினே கீறாரு."

அப்போதுதான் அந்த வாய்ப்பு வந்தது. ஒரு படத்தில் கதாநாயகியின் அப்பா வேடம். செங்கல் சூளைத் தொழிலாளி. மூன்றே காட்சி. ஒரு காட்சியில் வசனம். பேசிவைத்திருந்த நடிகருக்கு வேறு படத்தில் நாள் இடித்ததால், ஸ்டண்ட் மாஸ்டர் இவரைச் சொல்லிவிட்டிருந்தார். விழவேண்டியதில்லை. அடிக்கவேண்டியதுமில்லை. இது சரியாக அமைந்தால் முழங்கால் இல்லாமலேயே சினிமாவில் இருக்கலாம். அமையாவிட்டால், இதோடு முடிந்தது. அவர் வசனத்தாளை என் மேசையில் வைத்தபோது இதையெல்லாம் சொல்லவில்லை. "இத்தக் கொஞ்சம் படிச்சிக் காட்டு சார்" என்றார். தாள் எட்டாக மடித்து, வியர்வையில் ஊறியிருந்தது.

மகள் வீட்டைவிட்டுத் தன் விருப்பப்படி போகிறாள். ஏரிக்கரையில் டிரங்குப் பெட்டியோடு நிற்கிறாள். அப்பா சொல்லவேண்டியது நான்கே வரி:

"போறதுன்னு முடிவு பண்ணிட்டே. போ. வழியில பசிச்சா எங்கயாவது ஒக்காந்து சாப்பிடு. யாராவது கேட்டா, எங்கப்பா உயிரோட இருக்காருன்னு சொல்லு."

பன்னிரண்டு நாள் பயிற்சி. மதியம் ஒரு மணிக்குமேல் நூலகத்தில் ஆள் இருக்காது. அவர் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பார். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து தாளில் கண்ணை வைத்து, வரிவரியாகச் சரிபார்ப்பேன். "பசிச்சா"வுக்குப் பிறகு சற்று நிறுத்தவேண்டும் என்பேன். "உயிரோட" என்பதை அழுத்தவேண்டாம் என்பேன். ஒன்பதாம் நாளில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. என் தவறும் அங்கேதான் இருந்தது. பன்னிரண்டு நாளும் நான் காகிதத்தைப் பார்த்தேன். அவர் பேசும்போது எங்கே பார்க்கிறார் என்று ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவரோடு நின்று பேசிய எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. அவர் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். என்னிடம் பேசும்போது அவர் பார்வை என் வயிற்றில் நிற்கும். என் தொப்பையைத்தான் கவனிக்கிறார், உடற்பயிற்சி செய்பவர் அல்லவா என்று நினைத்து, அதற்கு முந்தைய தை மாதம் முழுக்க நான் இரவில் சோற்றை விட்டு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். டைரியில் எடைகூட எழுதியிருக்கிறேன். அது தொப்பையைப் பற்றியதே அல்ல என்று எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் புரிந்தது.

மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊரில் வெளியாட்கள் பத்துப் பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் வந்து விசாரிக்கும். அதனால் படப்பிடிப்பை ஊரைவிட்டுத் தள்ளி, மணிமங்கலம் ஏரிக்கரையில் வைத்திருந்தார்கள். நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. சனிக்கிழமைக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அவரோடும் அவர் மனைவியோடும் நானும் பஸ் ஏறினேன். ஒரகடத்தில் ஏறிய கீரைக்கூடைகளுக்கு நடுவே அவர் நின்றுகொண்டே வந்தார். உட்கார்ந்தால் முழங்கால் மடங்கிப் பிடித்துக்கொள்ளுமாம். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான்கு வரி.

ஏரியில் தண்ணீர் கால்வாசிதான். கரைமேல் கயிறு கட்டி ஜனங்களை நிறுத்தியிருந்தார்கள். பெருமாள் கோயிலுக்கு வந்தவர்கள் பாதிப்பேர் நாமத்தோடு அங்கேதான் நின்றார்கள். அவர் மனைவியும் நானும் கயிற்றை ஒட்டி நின்றோம். அவர் அழுக்கு வேட்டியும் தலைப்பாகையுமாக வந்து நின்றபோது கூட்டத்தில் ஒருவர், "இன்னா பயில்வானே, இன்னிக்கி எதுலருந்து வுயப் போற? ஏரியிலயே தண்ணி இல்ல" என்றார். அவர் கையை மட்டும் ஆட்டினார்.

கதாநாயகி பாவாடை தாவணியில் வந்தாள். இருபது வயது இருக்கும். கூடவே அவளுடைய அம்மா, கையில் குடையும் பிளாஸ்க்குமாக. முதல் டேக். அவர் வசனத்தைச் சொன்னார். பஞ்சு போல இருந்தது குரல். எனக்குக் கண் கலங்கியது என்று டைரியில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெண் நடுவிலேயே தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, வசனத்தை மறந்தாள். இரண்டாவது டேக். மறுபடியும் தாவணியை இழுத்தாள். மூன்றாவது டேக்கில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் குடையின் கீழ் போய் நின்றுகொண்டாள். அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள்.

அந்த அம்மாவுக்குக் குரலைத் தாழ்த்தும் பழக்கமில்லை.

"இன்னாய்யா ஆளு புடிச்சிக்கினு வந்துக்கிறீங்க? அப்பன் வேஷம் போட்டுக்கினு பொண்ணோட இடுப்பையே பாக்குறான். மூணு தபா. நானும் பாத்துக்கினுதான் கீறேன்."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அது பக்கத்து ஊர்க் கூட்டம். பாதிப்பேருக்கு அவரைத் தெரியும், மீதிப்பேருக்கு அவர் மனைவியைத் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. உதவி இயக்குநர் ஓடிப்போய் இயக்குநரிடம் குனிந்தார். "மேனேஜருக்குத் தலைப்பா கட்டி நிக்க வெச்சிடலாம் சார். முதுகுப் பக்கமா எடுத்துக்கலாம். வெளிச்சம் போயிடும்" என்றார். தயாரிப்பு மேனேஜர் அதற்குள் கைக்கடிகாரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. என் வயிறு, இந்தப் பெண்ணின் இடுப்பு, எல்லாம் ஒன்றுதான். கயிற்றைத் தாண்டிப் போய் உதவி இயக்குநரிடம், "சார், இது குஸ்திக்காரங்க வழக்கம்" என்று தொடங்கினேன். "நீங்க யாரு?" என்றார். "லைப்ரரியன்" என்றேன். என்னைத் திரும்பக் கயிற்றுக்கு அனுப்பிவைத்தார்கள்.

பயில்வான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். பிறகு குடையை நோக்கி நடந்தார். பத்தடி தூரத்தில் நின்று, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அம்மா, தப்பா ஒண்ணும் இல்லம்மா. நான் இருவது வருசம் கோதாவுல இருந்தவன். எதிர்ல நிக்கிறவன் கண்ணப் பாக்கக் கூடாதுன்னு பயக்கி வுட்டுட்டாங்க. கண்ணு இந்தப் பக்கம் போவும், ஆளு அந்தப் பக்கம் வருவான். இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கந்தான் அவனால வர முடியும். எதிர்ல யார் வந்து நின்னாலும் எனக்குப் பார்வ அங்க போயிடுது."

"என் பொண்ணு இன்னா உன்னாண்ட குஸ்தி போடவா வந்துக்கிறா?"

இதற்குக் கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போது என் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவர் மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சந்தையில் கீரைக்கு ஆள் கூப்பிடும் அதே குரலில் சொன்னாள்:

"யம்மா, அந்த ஆளு சொல்றது நெசந்தான். கண்ணாலம் ஆயி மூணு மாசம் கயிச்சித்தான் என் மூஞ்சியையே பாத்தாரு. 'உனக்கு மூக்குத்தி கீதா'ன்னு கேட்டாரு. அதுவரைக்கும் எங்கம்மாவும் உன்ன மாதிரிதான் ஏசிக்கினு கெடந்துச்சி."

கூட்டம் மொத்தமும் சிரித்தது. இந்த முறை அந்தச் சிரிப்பில் அவரும் சேர்ந்திருந்தார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "வாயால சொன்னா ஆச்சா?" என்றாள்.

அவர் திரும்பி, விளக்கு பிடிப்பவர்களில் பெரிய உடம்புக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். "தம்பி, நீ வா. என்னத் தள்ளு. எந்தப் பக்கம் வேணாலும் வா. கண்ணால ஏமாத்து." இனி விழக் கூடாது என்று டாக்டர் சொன்னது அங்கே எங்கள் மூவருக்கும்தான் தெரியும். அவர் விழுந்தால் எழ முடியாது. மனைவி கயிற்றை இறுக்கிப் பிடித்தாள்.

விளக்குக்காரர் இடது பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு வலது பக்கம் பாய்ந்தார். நல்ல வேகம். பயில்வான் காலை நகர்த்தவே இல்லை. தோளை ஒரு சாண் திருப்பினார். வந்தவர் அவர் கைக்குள் வந்து நின்றார். அந்த ஆளை ஒரு பானையை இறக்குவதுபோல மெதுவாகத் தரையில் உட்காரவைத்தார். இன்னொரு முறை. அதேதான். மூன்றாவது முறை விளக்குக்காரர், "வேணாம் மாஸ்டர், எனக்குக் கூச்சமா கீது" என்று எழுந்து போய்விட்டார்.

அந்தப் பெண் குடையைவிட்டு வெளியே வந்திருந்தாள். முகத்தில் கோபம் போயிருந்தது.

"அப்ப நீங்க யார் மூஞ்சியையும் பாக்கவே மாட்டீங்களா?"

"பாப்போம்மா. குஸ்தி முடிஞ்சப்புறம். ரெண்டு பேரும் கை குடுத்துக்குவோம். அப்ப பாத்துக்கலாம். அப்பறம் அவன் எதுவும் செய்யமாட்டான் இல்ல."

சொல்லிவிட்டு அவர் ஏதோ கணக்குப் போடுகிறவர்போல நெற்றியைச் சுருக்கினார். பிறகு அதுவரை வாயே திறக்காமல் நாற்காலியில் இருந்த இயக்குநரிடம் போனார். நாங்கள் நின்ற இடத்துக்குத் தெளிவாகக் கேட்டது.

"டைரக்டர் சார், ஒரே ஒரு சந்தேகம். இந்த எடத்துல எனக்கும் பொண்ணுக்கும் சண்ட நடந்துகினு கீதா, முடிஞ்சிடுச்சா?"

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டடி நடந்தார். அவரும் அதை யோசித்ததில்லை என்று எனக்குத் தோன்றியது.

"முடிஞ்சிடுச்சு. வீட்லயே முடிஞ்சிடுச்சு. நீ தோத்துட்டே."

"அப்ப செரி சார். அத்த எனக்கு யாரும் சொல்லல."

நானும் சொல்லவில்லை. எங்கே நிறுத்தவேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்று பன்னிரண்டு நாள் சொன்னவன், அந்த மனிதன் ஏற்கெனவே தோற்றுவிட்டான் என்பதைச் சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருக்கவில்லை.

நான்காவது டேக். சாயங்கால வெயில் ஏரியின் மறுகரையில் ஒரு கோடாகத்தான் மிஞ்சியிருந்தது. அவர் வந்து நின்றார். பார்வை வழக்கம்போல முதலில் கீழேதான் இருந்தது. பிறகு, கனமான ஒன்றைத் தூக்குவதுபோல, அதை மெல்ல மேலே கொண்டுவந்தார். மகளின் முகத்தில் வைத்தார். "போறதுன்னு முடிவு பண்ணிட்டே. போ." நான் சொல்லிக்கொடுத்த இடைவெளிகள் எதுவும் அதில் இல்லை. நான்காவது வரியைச் சொல்லி முடித்ததும், தாளில் இல்லாத ஒன்றைச் செய்தார். வலது கையை நீட்டினார். கோதாவில் தோற்றவர் ஜெயித்தவருக்கு நீட்டும் கை. அதற்கு முன் எந்த அப்பாவும் எந்த மகளுக்கும் அப்படிக் கை நீட்டி நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் ஒரு விநாடி திகைத்தாள். பிறகு பெட்டியை இடக்கைக்கு மாற்றி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுதது நடிப்பில்லை என்று அவளே பிறகு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் "கட்" சொல்ல மறந்துவிட்டார். கேமராக்காரர்தான் ஃபிலிம் தீர்ந்துவிட்டது என்றார்.

உதவி இயக்குநர், "பாதுகாப்புக்கு இன்னொண்ணு எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டார். "எதுக்கு?" என்றார் இயக்குநர். மேனேஜர் கைக்கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டார். அந்த அம்மாள் பிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் காபியை ஊற்றி, யார் மூலமோ அவருக்குக் கொடுத்தனுப்பினாள். கையில் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அவ்வளவு தூரம் அவள் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் பல வருடம் அப்பாவாகவே நடித்தார். என் நோட்டில் அந்தப் பட்டியல் முந்தையதைவிட நீளம். ஒவ்வொரு படத்திலும் இயக்குநரிடம் அதே கேள்வியைக் கேட்பாராம். சண்டை முடிந்துவிட்டதா, இல்லையா. சில இயக்குநர்கள் அந்தக் கேள்விக்குப் பிறகு காட்சியையே மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். விழுவதில் இருந்த அதே கவனத்தை அவர் நிற்பதிலும் வைத்திருந்தார். அதனால்தான் அவரை நான் கலைஞர் என்று எழுதுகிறேன், யோசித்துத்தான்.

அன்று படப்பை வரை ஒரு யூனிட் வேனில் வந்து, அங்கே பஸ்ஸுக்கு நின்றோம். அவர் வேட்டி மாற்றியிருந்தார், முகத்தில் பவுடர் மிச்சமிருந்தது. மனைவி பூக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் என் எதிரில் வந்து நின்று கையை நீட்டினார். நான் பிடித்தேன். பஸ் நிறுத்தத்தின் குழல்விளக்கு வெளிச்சத்தில் அவர் பார்வை என் வயிற்றைத் தாண்டி, சட்டைப்பையைத் தாண்டி, மேலே வந்தது.

"லைப்ரரி சார்" என்றார். "உனுக்கு மூக்காண்ட ஒரு மச்சம் கீதே."

"பொறந்ததுலேர்ந்து இருக்குண்ணா."

"அப்டியா" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.